குஞ்சின் வாய்க்கு ஏற்ற புழு

ஃபைட்டர் மீன் முட்டையிட்டு ஒன்றரை நாளில் குஞ்சு பொரித்துவிடும். ஆண் மீன் ஊதிக் கட்டிய நுரைக்கூட்டின் அடியில், மூன்று மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் வால் கீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். நழுவி விழுகிற குஞ்சைத் தகப்பன் வாயில் கவ்விவந்து மறுபடி கூட்டில் சேர்க்கும். அடுத்த இரண்டு மூன்று நாள் அவற்றுக்கு இரை வேண்டாம். வயிற்றடியில் உள்ள மஞ்சள்கருப் பையே போதும். அந்தப் பை கரைந்து, குஞ்சு கூட்டை விட்டுக் கிடைவாட்டில் நீந்தத் தொடங்கும் நாளில்தான் வளர்ப்பவரின் வேலை ஆரம்பிக்கிறது. முதல்முறை குஞ்சு பொரிக்க வைப்பவர்களின் தொட்டியில், சில நூறாக இருந்த குஞ்சுகள் ஒரு வாரத்தில் பத்துப் பதினைந்தாகக் குறைந்துவிடுவது வழக்கம். தண்ணீரையும் நோயையும் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் காரணம் பட்டினி.

கடையில் விற்கும் தூள் தீவனத்தை எவ்வளவு நுணுக்கிப் போட்டாலும் இந்தக் குஞ்சுகள் அதைச் சீந்துவதில்லை. அசைவதைத்தான் அவை இரை என்று அறிகின்றன. கண்முன்னால் ஏதாவது நெளிந்தால் உடலை வளைத்து, குறிபார்த்துப் பாய்ந்து கவ்வும். அசையாத தூள் அடியில் படிந்து அழுகி அம்மோனியாவாக மாறும். இரையாகப் போட்டதே நஞ்சாகிவிடும். ஆகவே குஞ்சுக்கு உயிருள்ள இரை வேண்டும். அது வாய்க்குள் நுழையும் அளவில் இருக்கவேண்டும். ஒரு நாளும் தவறாமல் கிடைக்கவேண்டும். இந்த மூன்றில் கடைசி நிபந்தனைதான் பலரையும் தோற்கடிக்கிறது.

சென்னைக் கொளத்தூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அலங்கார மீன் வளர்ப்பு பல குடும்பங்களுக்குத் தொழில். அங்கே வண்ண மீன் கடைகளில் சிவப்புக் கொத்தாக விற்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுவைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மீன்கள் அதை அடித்துப்பிடித்துத் தின்னும், மளமளவென்று வளரும். ஆனால் அந்தப் புழு சாக்கடைச் சேற்றில் தலையைப் புதைத்து, வாலை வெளியே ஆட்டிக்கொண்டு வாழ்வது. ஆக்சிஜன் குறைந்த நீரிலும் மூச்சுவிடுவதற்காக அதன் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்கிறது. அந்தச் சிவப்பு அதனால் வந்தது. எந்தக் கால்வாயில் அள்ளினார்களோ அந்தக் கால்வாயின் கிருமிகளும் கன உலோகங்களும் அதோடு சேர்ந்து வரும். டிரவுட் மீன்களைச் சுழன்று சுழன்று சாகவைக்கும் ஓர் ஒட்டுண்ணி, தன் வாழ்வின் ஒரு பாதியை டியூபிஃபெக்ஸ் புழுவுக்குள்தான் கழிக்கிறது. ஓடும் நீரில் நாள்கணக்கில் வைத்து அலசினால் மேலே ஒட்டிய அழுக்கு போகும். உடலுக்குள் சேர்ந்தது முழுவதும் போகும் என்று சொல்லமுடியாது. தவிர, பிறந்து நான்கு நாளான குஞ்சின் வாய்க்கு அது மிகப் பெரியது.

உப்புநீரில் வாழும் நுண்ணிய இறால் வகையான ஆர்ட்டீமியா நல்ல இரை. ஆனால் தரமான முட்டை விலை அதிகம். ஒவ்வொரு நாளும் உப்புநீரில் புதிதாகப் பொரிக்க வைக்கவேண்டும். பொரித்தது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இருக்கும். முதல் இரண்டு மூன்று நாளுக்கு அதுவும் சில குஞ்சுகளுக்குப் பெரிதுதான். இந்த இடைவெளியில் வந்து உட்காருகிறது, மீன் வளர்ப்பவர்கள் மைக்ரோ வார்ம் என்று அழைக்கும் நுண்புழு.

இதன் அறிவியல் பெயர் பனக்ரெல்லஸ் ரெடிவைவஸ். மண்புழுவுக்கு உறவில்லை, உருளைப்புழு இனத்தைச் சேர்ந்தது. வளர்ந்த புழு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் நீளம், அகலம் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். பிறந்த குட்டி கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. உருளைப்புழு என்றதும் குடலில் வாழும் புழுக்கள் நினைவுக்கு வந்து சிலர் முகம் சுளிப்பதுண்டு. இது எந்த உடலிலும் ஒட்டி வாழாத வகை. மனிதருக்கோ மீனுக்கோ இதனால் நோய் வராது.

ஐரோப்பாவில் புத்தகம் கட்டுபவர்கள் கோதுமை மாவில் காய்ச்சும் பசை, நாள்பட்டுப் புளித்தால் அதில் இந்தப் புழுக்கள் தோன்றும். நுண்ணோக்கி புதிதாகப் பரவிய 18-ஆம் நூற்றாண்டில், இதைப் பார்த்து வியப்பது அறிவார்வம் உள்ளவர்களின் பொழுதுபோக்கு. 1746-இல் ஜேம்ஸ் ஷெர்வுட் என்ற அறுவை மருத்துவர், பசையில் நெளியும் இந்தப் புழு முட்டையிடுவதில்லை, குட்டிகளை உயிரோடு ஈனுகிறது என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். புழுக்கள் அழுக்கிலிருந்து தாமாக உண்டாகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. தாய் வயிற்றிலிருந்து குட்டி வெளிவருவதைக் கண்ணால் பார்த்தது சிறிய செய்தியன்று. 1767-இல் லின்னேயஸின் வகைப்பாட்டு நூலிலும் இது இடம்பெற்றது. ஜெர்மனியில் பீர்க் குவளைக்கு அடியில் வைக்கும் கம்பளி விரிப்புகள் ஊறிப் புளித்த இடங்களிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் உயிரணுக்கள் எந்த வரிசையில் பிரிந்து ஓர் உடல் உருவாகிறது என்று ஆராய்ந்த பால் ஸ்டெர்ன்பெர்க்கும் ராபர்ட் ஹார்விட்ஸும் 1980-களின் தொடக்கத்தில் இதே புழுவையும் எடுத்துக்கொண்டார்கள். ஹார்விட்ஸ் 2002-இல் மருத்துவ நோபல் பெற்றவர்களில் ஒருவர். அந்தப் பரிசு இதன் உறவினமான இன்னோர் உருளைப்புழுவில் செய்த ஆய்வுக்கு. சமையலறை மூலையில் பிளாஸ்டிக் டப்பாவில் நாம் வளர்க்கப்போவது இத்தனை பேர் கூர்ந்து பார்த்த உயிர்.

வளர்ப்பு முறையைச் சொல்வதற்கு முன், டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடவேண்டும். ஓட்ஸ் கஞ்சியில் புழுவை விட்டால் புழு ஓட்ஸைத் தின்று பெருகுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதால்தான் டப்பா கெட்டுப்போனால் காரணம் புரியாமல் திகைக்கிறார்கள். புழுவால் ஓட்ஸைக் கடிக்க முடியாது. அதற்குப் பல் கிடையாது. நுண்ணிய வாயால் உறிஞ்சி, தொண்டைத் தசையால் அரைத்து அது விழுங்குவது ஈஸ்டையும் பாக்டீரியாவையும். கஞ்சி ஈஸ்டுக்கான உணவு. ஈஸ்ட் புழுவுக்கான உணவு. புழு குஞ்சுக்கான உணவு. டப்பாவில் நாம் உண்மையில் பராமரிப்பது புளிப்பைத்தான். இட்லி மாவு பொங்கிவரும் நேரம் கைக்குத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தொழில் பாதி வந்துவிட்டது: பொங்குமுன் பயனில்லை, புளித்துக் கடுத்தபின்னும் பயனில்லை, நடுவில் ஒரு நல்ல காலம் உண்டு. அந்த நடுக்காலத்தை முடிந்தவரை நீட்டிப்பதும், அது முடியும் முன் அடுத்த டப்பாவைத் தயாராக்குவதும்தான் புழு வளர்ப்பு.

செய்முறை சுருக்கமானது. மூடியுள்ள அகலமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. சாதாரண ஓட்ஸைத் தண்ணீரில் கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, டப்பாவின் அடியில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பவேண்டும். கடைகளில் மசாலா சேர்த்த ஓட்ஸும் அதே அலமாரியில்தான் இருக்கும். உப்பும் மசாலாவும் உள்ள அது ஆகாது. ஓட்ஸ் இல்லையென்றால் மக்காச்சோள மாவுக் கூழ், ரவைக் களி, ஓரம் நீக்கி நனைத்த ரொட்டி என்று மாவுச்சத்துள்ள எதுவும் உதவும். ரொட்டியில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் புரோபியோனேட் உப்பு ஈஸ்டை அவ்வளவாகத் தடுக்காது; அதனால் கடை ரொட்டியிலும் புழு வளர்வதைப் பார்க்கலாம். மேலே ஒரு சிட்டிகை உலர் ஈஸ்ட் தூவி, ஏற்கெனவே வளர்ப்பவரிடமிருந்து வாங்கிய பழைய கல்ச்சர், அதாவது புழுவுள்ள கஞ்சி, ஒரு தேக்கரண்டி வைத்தால் முடிந்தது. தண்ணீர் கூடிவிடக்கூடாது. டப்பாவைச் சாய்த்தால் கஞ்சி ஓடாமல் நிற்கவேண்டும்.

மூடியில் துளை போடுவதைச் சிலர் அலட்சியமாக விடுவதுண்டு. ஈஸ்ட் புளிக்கும்போது கரியமில வாயு வெளிவந்து, காற்றைவிடக் கனமானதால் டப்பாவுக்குள்ளேயே தேங்கும். துளை இல்லாவிட்டால் புழுக்கள் மூச்சுத் திணறிச் சாகும். துளை திறந்தே இருந்தால் பழ ஈ நுழைந்து முட்டையிடும்; அதன் புழுக்கள் கஞ்சியைக் கலக்கிச் சேறாக்கும். ஆகவே துளைமேல் இரண்டு மடிப்புத் துணியையோ பஞ்சையோ அடைத்து வைப்பது நல்லது.

இரண்டு மூன்று நாளில் டப்பாவைத் திறந்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் கஞ்சியின் மேற்பரப்பு முழுதும் மினுமினுப்பது தெரியும். தனித்தனிப் புழு கண்ணுக்குப் புலப்படாது. பரப்பே உயிரோடு அசைவது போலிருக்கும். பிறந்த புழு மூன்று நான்கு நாளில் முதிர்ந்து, தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். மூன்று வார ஆயுளில் ஒரு பெண் புழு ஈனும் குட்டிகள் நூற்றுக்கணக்கில். நெரிசல் கூடும்போது, ஈரம் படிந்த டப்பாச் சுவரில் வெண்மையான கிளைக்கோடுகளாக மேலே ஏறுகின்றன. அறுவடைக்கு அதுதான் அடையாளம். சுத்தமான விரலால் அல்லது மெல்லிய தூரிகையால் சுவரை வழித்து, ஒரு குவளைத் தண்ணீரில் அலசினால் பால்போல் கலங்கும். கஞ்சியைத் தொடாமல் சுவரிலிருந்து மட்டும் எடுப்பதால் மாவும் புளிப்பும் தொட்டிக்குள் போகாது. அந்தத் தண்ணீரை இங்க் ஃபில்லரால் எடுத்துக் குஞ்சுகள் கூடியிருக்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஒரு நாளுக்கு ஒரேயடியாகக் கொட்டுவதைவிட மூன்று நான்கு வேளை சிறிது சிறிதாகக் கொடுப்பதுதான் குஞ்சுக்கு நல்லது, தொட்டிக்கும் நல்லது. தின்ற குஞ்சின் வயிறு வெண்மையாகப் புடைத்துத் தெரியும். அதைப் பார்த்தபின் கவலைப்படத் தேவையில்லை.

ஒரு டப்பா மூன்று நான்கு வாரம் ஈடுகொடுக்கும் என்பது பொதுக்கணக்கு. நம் ஊர் வெயிலில் அது சுருங்கிவிடும். சூடு கூடினால் எல்லாமே வேகமாகும்: ஈஸ்ட் வேகமாகப் பெருகும், அமிலம் வேகமாகச் சேரும், கஞ்சி வேகமாக நீர்த்துப்போகும். சித்திரை வைகாசியில் ஓட்டு வீட்டிலோ மொட்டை மாடி அறையிலோ வைத்த டப்பா பத்து நாளில் கெட்டுவிடுவதில் வியப்பில்லை. தரையோடு ஒட்டிய அறை மூலையோ, பானைத் தண்ணீர் வைக்கும் மேடையின் அடியோ இதற்குத் தோதான இடம். மூக்கைத்தான் நம்பவேண்டும். நல்ல கல்ச்சரில் ஈஸ்டின் மணமும் மெல்லிய புளிப்பும் இருக்கும். அது சாராயமாகவோ, கூர்மையான காடியாகவோ மாறினால் எச்சரிக்கை. அழுகல் நாற்றம் வந்து கஞ்சி பழுப்பேறி மேலே நீர் கோத்தால் அந்த டப்பா முடிந்தது. புழுக்கள் தம் கழிவிலும் தம் உணவின் கழிவிலும் மூழ்கிப்போகின்றன. புதுக் கஞ்சியைப் பழையதன்மேல் ஊற்றிப் பிழைக்கவைக்கச் சிலர் முயல்வதுண்டு. அமிலம் அடியிலேயே இருப்பதால் அது சில நாள் தவணை வாங்கித் தருவதோடு சரி.

வழி ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு புது டப்பா. பழையதன் நல்ல காலத்திலேயே அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் புதியதில் வைப்பது. எப்போதும் வெவ்வேறு வயதில் மூன்று டப்பாக்களாவது இருந்தால் ஒன்று கெட்டாலும் குஞ்சு பட்டினி கிடக்காது. அந்த மூன்றையும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவேன். காரணம் எறும்பு. மேலைநாட்டுக் கையேடுகளில் அதிகம் பேசப்படாத எதிரி இது. இங்கே இதுதான் முதல் எதிரி. ஒரே இரவில் வரிசைகட்டி வந்து டப்பாவைக் காலிசெய்துவிடும். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டு, நடுவில் டப்பாவை நிறுத்தினால் எறும்பு தாண்டாது. சோப்பு விடாத தண்ணீரின்மேல் சில எறும்புகள் நடந்தே வந்துவிடும்.

இந்தப் புழுவுக்கு ஒரு குறை உண்டு: நீந்தத் தெரியாது. தண்ணீரில் விட்டதும் நெளிந்துகொண்டே அடிக்கு இறங்கி, அங்கே பல மணி நேரம் உயிரோடு நெளிந்தபடி கிடக்கும். அடியில் மேயும் கோரிடோரஸ் குஞ்சுக்கு இது வரம். மேல்மட்டத்தில் நிற்கும் குஞ்சு இறங்கி வந்து தேடவேண்டும். ஃபைட்டர் வளர்ப்பவர்களில் ஒரு சாரார், மைக்ரோ வார்ம் மட்டுமே கொடுத்து வளர்த்த குஞ்சுகளுக்கு வயிற்றடித் துடுப்பு குறைந்துபோகிறது என்று சொல்கிறார்கள். இன்னொரு சாரார், அடியில் தேங்கிச் செத்த புழுவால் தண்ணீர் கெடுவதே அதற்குக் காரணம் என்கிறார்கள். எனக்கு இரண்டாவது பேச்சில் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. எப்படியானாலும் செய்யவேண்டியது ஒன்றே: இந்தப் புழுவை முதல் வாரத்து இரையாக வைத்துக்கொண்டு, குஞ்சு பெரிதானதும் ஆர்ட்டீமியாவுக்கு மாறுவது, நாள்தோறும் அடியைக் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்வது. உலர் எடையில் ஏறத்தாழ பாதி புரதமும் கணிசமான கொழுப்பும் உள்ள இரை இது. சத்துக் குறைந்தது என்று தள்ளுவதற்கில்லை. புழு என்ன தின்கிறதோ அதுவே குஞ்சுக்குப் போய்ச்சேரும் என்பதால், கஞ்சியில் மீனெண்ணெய் ஓரிரு துளி சேர்ப்பவர்களும் உண்டு.

மேல்மட்டக் குஞ்சுக்கு வினிகர் புழு இன்னும் பொருத்தம். இதைப் பிரெஞ்சு மருத்துவர் பியேர் போரெல் 1656-இலேயே வினிகரில் கண்டு எழுதியிருக்கிறார். வடிகட்டுவதும் சூடுபடுத்துவதும் வருவதற்கு முன் வினிகர் பீப்பாய்களில் இது சாதாரணக் காட்சி. பாதி ஆப்பிள் சிடர் வினிகர், பாதி தண்ணீர், இரண்டு துண்டு ஆப்பிள், கொஞ்சம் பழைய கல்ச்சர்: அவ்வளவுதான். ஒரு மாதம் மெதுவாகப் பெருகி, பின் பல மாதம் யாரும் தொடாமலே வாழும். மைக்ரோ வார்ம் டப்பாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டால் கைகொடுப்பது இதுதான். எடுக்கும் முறை அழகானது. நீண்ட கழுத்துள்ள பாட்டிலில் கல்ச்சரைக் கழுத்தின் அடிவரை ஊற்றி, பஞ்சை அதைத் தொடும்படி அடைத்து, மேலே நல்ல தண்ணீர் விட்டுவைத்தால், காற்றைத் தேடும் புழுக்கள் பஞ்சு வழியே ஏறி இரவுக்குள் நல்ல தண்ணீரில் கூடிவிடும். வினிகர் கீழேயே நிற்கும். இவை நீரின் நடுவிலும் மேலும் நாள்கணக்கில் நீந்திக்கொண்டிருக்கும். உருவம் மைக்ரோ வார்மைவிட மெலிது. குஞ்சுக்கு ஒருவேளைச் சாப்பாடாக நிறைய வேண்டியிருக்கும்.

குஞ்சு ஒரு மாதத்தைத் தாண்டியபின்னும், பெரிய மீனை முட்டைக்குத் தயார்செய்யும்போதும் கிரிண்டல் புழு உதவும். இது மண்புழுவின் சுற்றத்தில் வந்த வளைதசைப்புழு, ஒரு சென்டிமீட்டர் அளவு. இதன் பெரிய உறவான வெள்ளைப் புழுவைக் குளிர்நாட்டார் நிலவறையில் வளர்ப்பார்கள். 20 டிகிரிக்கு மேல் அது சோர்ந்துவிடும். நம் ஊரில் அதோடு போராடவேண்டாம். சுவீடனில் கிரிண்டல் என்ற மீன் வளர்ப்பாளர் சூடு தாங்கும் சிறிய வகையைப் பிரித்து வளர்த்துப் பரப்பியதால் அந்தப் பெயர். இதற்கு ஊடகம் தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் கிடைப்பது. அதில் இயல்பாகவே உப்பு இருக்கும் என்பதால் மூன்று நான்கு தண்ணீர் அலசிப் பிழிந்த பின்பே புழுவை விடவேண்டும். ஈரமான கழிவின்மேல் ஒரு சிட்டிகை ஓட்ஸையோ மீன் தீவனத்தையோ தூவி, ஒரு கண்ணாடித் துண்டைக் கவிழ்த்து வைத்தால் புழுக்கள் கண்ணாடியின் அடியில் வந்து திரளும். கண்ணாடியை எடுத்துத் தண்ணீரில் அலசினால் அறுவடை. கொழுப்பு மிகுந்த இரை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

ஃபைட்டர் ஜோடியை முட்டைக்கு விடத் திட்டமிட்டிருப்பவர், மீனைத் தேடுவதற்கு முன் கல்ச்சரைத் தேடுவது நல்லது. ஜோடி சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு முதல் டப்பா, மூன்று நாள் முன்பு இரண்டாவது, முட்டை விழுந்த அன்று மூன்றாவது. இப்படி வைத்தால் குஞ்சு கூட்டை விட்டு நீந்தும் காலையில் முதல் டப்பாவின் சுவரில் புழு ஏறியிருக்கும். முட்டையைக் கண்டபின் கல்ச்சர் வாங்க ஓடினால் நான்கு நாள் தாமதமாகிவிடும். மஞ்சள்கரு அத்தனை நாள் தாங்காது.